லீக்ஸ் சமைக்கத் தொடங்குவோருக்கு: கழுவுவது முதல் பரிமாறுவது வரை

லீக்ஸை முதன்முறையாக வாங்கி வருபவர்களில் பெரும்பாலோர் அதைப் பருத்து வளர்ந்த வெங்காயத்தாள் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். தோற்றமும் மணமும் அப்படி எண்ண வைப்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் வெங்காயத்தைச் சமைக்கும் முறையிலேயே இதையும் சமைத்தால், அதாவது மேலே மட்டும் கழுவி, மளமளவென்று நறுக்கி, புகை கிளம்பும் எண்ணெயில் போட்டுச் சிவக்க வறுத்தால், தட்டில் வந்து சேர்வது மணலும் கசப்பும்தான். நான் முதலில் வைத்த லீக்ஸ் சூப்பில் ஒவ்வொரு வாய்க்கும் பல்லில் மணல் நறநறத்தது. பாத்திரத்தில் இருந்தது முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. இந்தக் காயைப் பொறுத்தவரை உண்மையிலேயே கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு: மடல்களுக்கு உள்ளே வரை கழுவுவது, குறைந்த தீயில் அதன் ஈரத்திலேயே அதை வேகவிடுவது. இவ்விரண்டும் கைவந்துவிட்டால் சூப், பொரியல், சுடுதல், சாலட் என எல்லாச் சமையலும் எளிதாகிவிடும். ஆகவே இந்தக் கட்டுரையில் அவ்விரண்டுக்கும் கூடுதலாக இடம் தந்திருக்கிறேன்.

காயைப் பற்றிச் சிறிது

வெங்காயம், பூண்டு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்ததே லீக்ஸ். ஆனால் வெங்காயத்தைப் போல அடியில் குமிழாகத் திரள்வதில்லை. நாம் தண்டு என்று அழைக்கும் வெண்மையான பகுதி உண்மையில் தண்டே அல்ல; ஒன்றையொன்று இறுகச் சுற்றிக்கொண்ட இலைகளின் அடிப்பாகங்கள் சேர்ந்துதான் அப்படித் தோன்றுகின்றன. செடியின் உண்மையான தண்டு, வேர்கள் கிளம்பும் இடத்தில் உள்ள சிறிய தட்டுப் போன்ற கெட்டிப் பகுதி மட்டுமே. செடி வளர வளர விவசாயிகள் அதன் அடியில் மண்ணை அணைத்துக்கொண்டே வருகிறார்கள். அல்லது ஆழமான குழியில் நாற்றை நட்டு வளர்க்கிறார்கள். வெயில் படாத பகுதியில் பச்சையம் உண்டாகாததால் அது வெளுத்தும் மென்மையாகவும் இருக்கிறது. அணைக்கப்பட்ட அந்த மண்ணும், மழைநீர் தெறித்த மணலும் இலைக் கவட்டில் விழுந்து, இலைகள் நீள நீள உள் மடல்களுக்கு இடையில் சிக்கிக்கொள்கின்றன. சமையலறையில் நமக்கு வரும் தொல்லையும் நாம் விரும்பி உண்ணும் வெண்மையும் ஒரே காரணத்தால் விளைந்தவை.

இது மெதுவாக வளரும் பயிர். வசந்தத்தின் தொடக்கத்தில் விதைத்தால் பெரும்பாலான வகைகள் கைக்கு வர ஐந்து, ஆறு மாதங்கள் ஆகும். அதனால்தான் வடகோளத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும், தென்கோளத்தில் மார்ச் முதல் மே வரையிலும் புதிய அறுவடை நிறைந்து கிடைக்கிறது. இலையுதிர்காலத்தில் முதலில் வரும் வகைகள் மெலிந்து நீண்டு, இளம்பச்சை இலைகளோடு இருக்கும். அவை விரைவில் வெந்துவிடும். குளிர்காலத்துக்கென்றே வளர்க்கப்படும் வகைகள் குட்டையாகவும் பருத்தும், நீலம் கலந்த கரும்பச்சை இலைகளோடும் இருக்கும். அவற்றின் மணம் சற்று வலுவானது, வேகவும் கூடுதல் நேரம் எடுக்கும். நாள்கள் குளிரக் குளிரச் செடி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் உடலில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதால், பருவத்தின் பிற்பகுதியில் வரும் லீக்ஸில் இனிப்புக் கூடியிருக்கும். ஆண்டு முழுவதும் கடைகளில் ஏதோ ஒரு லீக்ஸ் கிடைக்கத்தான் செய்கிறது. ஆயினும், கற்றுக்கொள்பவர் இலையுதிர்காலத்தில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் அப்போது காய் இளசாக இருப்பதால் சிறு பிழைகள் சமையலைக் கெடுப்பதில்லை.

வாங்கும்போது

வெண்பகுதி நீளமாக உள்ளதைத் தேடுங்கள். சமையலுக்கு முதன்மையாகப் பயன்படுவது அதுவும், அதற்கு மேலே உள்ள இளம்பச்சைப் பகுதியும்தான். கையில் எடுத்து அழுத்தினால் விறைப்பாக இருக்க வேண்டும். இலை நுனிகள் மஞ்சளித்துத் துவண்டிருந்தாலோ, வெளி மடல் வழுவழுப்பாக இருந்தாலோ அது பழையது. அடிப்பகுதி வெங்காயம் போல உருண்டு புடைத்திருப்பது முற்றியதன் அடையாளம். குறுக்களவு இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் வரை உள்ள தண்டுகளே என் தேர்வு. மிகவும் பருத்தவை சூப்புக்கு ஆகும்; முழுதாக வேகவைக்க அவை ஏற்றவையல்ல. எந்த அளவை எடுத்தாலும் எல்லாத் தண்டுகளும் ஏறத்தாழ ஒரே பருமனில் இருக்கும்படி பார்த்து எடுங்கள். அப்போதுதான் ஒன்று குழைந்தும் மற்றொன்று நறுக்கென்றும் போகாமல் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும்.

கரும்பச்சை இலைகளோடு வாங்கினால் எடையில் ஏறத்தாழப் பாதி கழிந்துவிடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் குறிப்பில் 300 கிராம் நறுக்கிய லீக்ஸ் என்றிருந்தால், 600 கிராம் அளவுக்கு முழுக் காய் தேவைப்படும். கழிந்த பாதியும் வீணல்ல; அதைப் பின்னால் சொல்கிறேன்.

கழுவுதல்

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. காயை எந்த வடிவத்தில் சமைக்கப் போகிறீர்கள் என்பதே எந்த வழி என்பதை முடிவு செய்யும். ஆகவே கத்தியை எடுப்பதற்கு முன்பே என்ன சமையல் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

தண்டு முழுதாகவோ இரு பிளவாகவோ வேண்டுமென்றால், முதலில் வேர்த் தும்பை மட்டும் ஒட்ட நறுக்குங்கள். வேர் கிளம்பும் கெட்டித் தட்டைச் சிறிது விட்டுவைக்க வேண்டும். மடல்கள் அனைத்தையும் பிடித்து வைத்திருப்பது அதுதான். அடுத்து, மேலே உள்ள கரும்பச்சை இலைகளை வெட்டி எடுத்து ஒதுக்கி வையுங்கள். இதை நேர்க்கோட்டில் வெட்டாமல், பென்சில் சீவுவது போல வெளி இலைகளைத் தாழ்வாகவும் உள் இலைகளை உயரமாகவும் சரித்து வெட்டினால் உள்ளே இருக்கும் இளம்பச்சைப் பகுதி வீணாகாது. வெளிமடல் ஒன்றோ இரண்டோ தடித்துக் கீறலோடு இருக்கும், அவற்றை உரித்துவிடுங்கள். பின்பு தண்டைப் பலகையில் படுக்க வைத்து, அடியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் விட்டு, அங்கிருந்து மேல்முனை வரை நீளவாக்கில் கத்தியால் பிளந்து விடுங்கள். இப்போது அதை வேர்ப்பக்கம் மேலேயும் இலைப்பக்கம் கீழேயும் இருக்குமாறு பிடித்து, ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு மடலாக விரலால் விலக்கிக் கழுவுங்கள். தலைகீழாகப் பிடிப்பதுதான் இதில் முக்கியம். இலைப்பக்கம் மேலே இருந்தால் தண்ணீர் மணலை அடியை நோக்கி இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும். வெண்மையும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் மணல் மிகுதியாகத் தங்கும் என்பதால் அந்த இடத்தை இருமுறை பாருங்கள்.

நறுக்கிய துண்டுகளாகச் சமைக்கப் போகிறீர்கள் என்றால் வேலை இன்னும் எளிது. முதலில் நறுக்கிவிட்டு, பெரிய பாத்திரம் நிறையக் குளிர்ந்த தண்ணீர் எடுத்து அதில் துண்டுகளைப் போட்டு, கையால் நன்றாக அளைந்து வளையங்களைப் பிரித்து விடுங்கள். இரண்டு நிமிடம் அசைக்காமல் வைத்தால் மணல் அடியில் படிந்துவிடும், லீக்ஸ் மிதக்கும். பிறகு இரு கைகளாலோ துளைக் கரண்டியாலோ மேலிருந்து அள்ளி வடிதட்டில் போட வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்து வடிகட்டுவது பலரும் செய்யும் பிழை, ஏனெனில் அடியில் படிந்த மணல் முழுவதும் துண்டுகளின் மேலேயே மீண்டும் கொட்டப்படும். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் மணல் தட்டுப்பட்டால் இன்னொரு முறை கழுவுங்கள். மண் அதிகமுள்ள காய்க்கு மூன்று முறை தேவைப்படுவதும் உண்டு. அதில் சலிப்படையக் கூடாது.

வெட்டும் விதம்

லீக்ஸின் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. குறுக்கே மெல்லியதாக வெட்டினால் நார்கள் குட்டையாகிவிடுவதால் வாயில் தட்டுப்படாது. அரைத்து வடிக்கும் சூப்புக்குக்கூட முதலில் குறுக்கே நறுக்கிக்கொள்வதே நல்லது. நீளத் துண்டுகளாகப் போட்டு அரைத்தால் மிக்ஸியின் கத்தியில் நார் சுற்றிக்கொள்ளும். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டிய முகத்தைப் பலகையில் படுக்க வைத்து, அரை சென்டிமீட்டர் அகலத்தில் பிறை வடிவத் துண்டுகளாக நறுக்குவது பெரும்பாலான சமையலுக்குப் பொருந்தும். கத்தி கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய கத்தி வெளிமடலில் வழுக்கிப் போகும், உள்மடல்களை நசுக்கியும் விடும். வெங்காயத்தின் அளவுக்கு இது கண்ணை எரிக்காது.

அடிப்படைப் பாடம்: சிவக்காமல் வதக்குவது

லீக்ஸ் சமையலில் பத்துக்கு ஏழு இந்தப் படியிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆகவே முதல் வாரத்தில் இதை மட்டுமே இரண்டு மூன்று முறை செய்து பழகுங்கள் என்று சொல்வேன். இரண்டு பேருக்கு 300 கிராம் நறுக்கிக் கழுவிய லீக்ஸ், 25 கிராம் வெண்ணெய், ஒரு தேக்கரண்டி எண்ணெய், கால் தேக்கரண்டி உப்பு போதும்.

அடி கனத்த, அகலமான, மூடியுள்ள பாத்திரத்தை மிதமான தீயில் வைத்து வெண்ணெயையும் எண்ணெயையும் சேர்த்து உருக்குங்கள். வெண்ணெய் நுரைத்து அடங்கியதும், நிறம் மாறத் தொடங்கும் முன், லீக்ஸை அதில் படிந்துள்ள ஈரத்தோடு போடுங்கள். துடைத்து உலர்த்த வேண்டியதில்லை. அந்த ஈரமே தொடக்கத்தில் கருகாமல் காக்கும். உடனே உப்பைத் தூவிக் கிளறுங்கள். உப்பு காயில் உள்ள நீரை வெளியே இழுக்கும். ஒரு நிமிடத்தில் தீயை மிகவும் குறைத்து மூடிவிடுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் திறந்து பார்த்தால் துண்டுகள் துவண்டு பளபளக்கத் தொடங்கியிருக்கும். ஒரு முறை கிளறி மீண்டும் மூடுங்கள். பத்தாவது நிமிடத்தில் அளவு பாதியாகச் சுருங்கியிருக்கும். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்துக்குள் கரண்டியின் முதுகால் அழுத்தினால் நசுங்கும் பதம் வந்துவிடும். இடையில் அடி பிடிக்கும் ஓசை கேட்டால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு நிமிடம் மூடியை எடுத்துவிட்டு மிஞ்சிய நீரை வற்றவிடுங்கள்.

வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்துப் பழகிய கை இங்கே தீயைக் கூட்டத்தான் துடிக்கும். அதற்கு இடம் தரக் கூடாது. லீக்ஸின் மடல்கள் மெல்லியவை. உள்ளே வேகும் முன்பே விளிம்புகள் காய்ந்து கருகி, அந்தக் கசப்பு பாத்திரம் முழுவதும் பரவிவிடும். நறுக்கும்போது எழும் காரமான கந்தக மணம் வெப்பத்தில் தணிந்து, காயில் இயல்பாகவே உள்ள இனிப்பு மேலே வருவதற்கு ஈரமும் நேரமும் தேவை. பதினைந்து நிமிடத்தை ஐந்து நிமிடமாகக் குறுக்க எந்த வழியும் எனக்குக் கைகொடுக்கவில்லை.

புளிப்பு எதையும் இந்தப் பதம் வரும் முன் சேர்க்காதீர்கள். தக்காளி, எலுமிச்சைச் சாறு, வினிகர் ஆகியவை காய் மென்மையாவதைத் தடுக்கும். பச்சை நிறத்தையும் மங்கச் செய்யும். வெந்த பிறகு சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் சுவை எடுப்பாக இருக்கும். இப்படி வதக்கிய லீக்ஸில் மிளகுத்தூள் தூவி அப்படியே தொட்டுக்கொள்ளலாம். ரொட்டித் துண்டின் மேல் வைக்கலாம். வெந்த பாஸ்தாவில் இரண்டு மேசைக்கரண்டி கிரீமோடு கலக்கலாம். ஆறு முட்டையை அடித்து இதோடு 50 கிராம் துருவிய சீஸ் சேர்த்து, குறைந்த தீயில் மூடி வைத்துத் தடித்த ஆம்லெட்டாக வார்த்தால் நான்கு பேருக்குப் போதும்.

உருளைக்கிழங்கு லீக்ஸ் சூப்

பயிற்சிக்கு இதைவிட நல்ல சமையல் இல்லை. பொருள்கள் குறைவு, ஆகவே வதக்கும் பதம் சரியாக வந்ததா இல்லையா என்பது நாக்கில் உடனே தெரிந்துவிடும். நான்கு பேருக்கு 400 கிராம் நறுக்கிய லீக்ஸ், 300 கிராம் உருளைக்கிழங்கு, 40 கிராம் வெண்ணெய், ஒரு லிட்டர் காய்கறி வேகவைத்த சாறு அல்லது தண்ணீர், ஒரு பிரிஞ்சி இலை, 100 மில்லிலிட்டர் கிரீம், உப்பு, மிளகு எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன முறையில் லீக்ஸை வெண்ணெயில் பன்னிரண்டு நிமிடம் வதக்குங்கள். உருளைக்கிழங்கைத் தோல் சீவி இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி அதில் சேர்த்து இரண்டு நிமிடம் பிரட்டுங்கள். சாறும் பிரிஞ்சி இலையும் சேர்த்துக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, கிழங்கு கரண்டியில் உடையும் வரை ஏறத்தாழ இருபது நிமிடம் வேகவிடுங்கள். இலையை எடுத்துவிட்டு மசியுங்கள்.

மசிக்கும் விதத்தில் கவனம் வேண்டும். உருளைக்கிழங்கை மிக்ஸியில் நீண்ட நேரம் வேகமாகச் சுழற்றினால் அதன் மாவுச்சத்து வெளிப்பட்டுச் சூப் பசை போல இழுபடும். விட்டு விட்டுச் சில நொடிகள் மட்டும் அரைப்பதோ, மத்தால் கடைந்து கொஞ்சம் கரடுமுரடாக விடுவதோ நல்லது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், லீக்ஸின் பிறைத் துண்டுகள் அங்கங்கே கடிபடும் என்பதால். அரைப்பதானால் சூப்பைச் சற்று ஆறவிட்டு, மிக்ஸியில் பாதிக்கு மேல் நிரப்பாமல் அரையுங்கள். கொதிக்கும் சூப்பின் ஆவி மூடியைத் தூக்கி எறிந்து கையைச் சுட்டுவிடும். கடைசியில் கிரீமைச் சேர்த்துச் சூடாக்கி, கொதிக்கும் முன் இறக்கிவிடுங்கள். உப்பைச் சரிபார்ப்பது கிரீம் சேர்த்த பிறகே. அதற்கு முன் சரியாக இருந்த உப்பு அதன் பின் குறைவாகத் தோன்றும். இந்தச் சூப்பைக் குளிரவைத்தும் பருகலாம். அப்போது முழுவதும் மழமழவென்று வடித்து, உப்பை இன்னும் சிறிது கூட்ட வேண்டும்.

முழுத் தண்டாகச் சமைத்தல்

துண்டுகளில் கை பழகிய பிறகு முழுத் தண்டுக்கு வாருங்கள். இதில் லீக்ஸ் துணைப்பொருளாக இல்லாமல் தானே உணவாகிவிடுகிறது.

எளிதானது ஆவியில் வேகவைப்பது. வேர்த் தட்டோடு பிளந்து கழுவிய மெல்லிய தண்டுகளை நூலால் தளர்வாகக் கட்டி, பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆவியில் வையுங்கள். உப்பிட்ட கொதிநீரிலும் வேகவைக்கலாம். கத்தியின் முனை அடிப்பகுதியில் தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. நறுக்கென்று இருக்கட்டும் என்று சீக்கிரம் எடுப்பது மற்றக் காய்களுக்குச் சரி, லீக்ஸுக்குச் சரியில்லை. பாதி வெந்த தண்டை வெட்டினாலும் வெட்டுப்படாது, கடித்தால் நார் முழுவதும் உருவிக்கொண்டு வரும். வெந்ததை எடுத்து, பிளந்த முகம் கீழே இருக்கும்படி துணியின் மேல் பத்து நிமிடம் வைத்து வடியவிடுங்கள். மடல்களுக்கு இடையில் தேங்கும் தண்ணீர் வியப்பூட்டும் அளவுக்கு இருக்கும்; அதை வடிக்காவிட்டால் மேலே ஊற்றும் எதுவும் நீர்த்துப் போகும். பிறகு இளஞ்சூட்டில் இருக்கும்போதே ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, ஒரு மேசைக்கரண்டி வினிகர், மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், உப்பு, மிளகு ஆகியவற்றை அடித்துக் கலந்து ஊற்றுங்கள். சூடாக உள்ள காய்தான் இந்தச் சாற்றை உள்ளே வாங்கிக்கொள்ளும். அவித்த முட்டையைத் துருவி மேலே தூவினால் ஒரு வேளை உணவுக்கே போதும்.

அடுத்தது, சிறிதளவு சாற்றில் மூடி வேகவிடுவது. நான்கு தண்டுகளை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, அகலமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயில் வெட்டிய முகத்தை மூன்று நான்கு நிமிடம் இளம்பொன்னிறமாக்குங்கள். இங்கே மட்டும் நிறம் வரலாம், ஏனெனில் பிளவின் ஒரு முகம் மட்டுமே வெப்பத்தைத் தொடுகிறது. மெதுவாகத் திருப்பிப் போட்டு, 250 மில்லிலிட்டர் சாறும் இரண்டு கிளை தைமும் சேர்த்து, மூடி, குறைந்த தீயில் இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து நிமிடம் வேகவிடுங்கள். தண்டுகளைத் தட்டுக்கு மாற்றிவிட்டு, மிஞ்சிய சாற்றைத் தீயைக் கூட்டிச் சுண்டவைத்து மேலே ஊற்றுங்கள். இந்த முறையில் சமைத்தது மறுநாள் இன்னும் சுவையாக இருக்கும். விருந்துக்கு முன்கூட்டியே செய்து வைக்க நினைப்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

ஓவனில் சுடுவதானால் 200 பாகை செல்சியஸுக்கு முன்சூடேற்றுங்கள். பிளந்த தண்டுகளில் எண்ணெயும் உப்பும் தடவி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, அலுமினியத் தாளால் இறுக மூடிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். பிறகு தாளை நீக்கி, விளிம்புகள் சிவக்கும் வரை இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். முதலிலிருந்தே திறந்து வைத்தால் வெளிமடல் தோல் போலக் காய்ந்துவிடும், உள்ளே பச்சையாகவே நிற்கும். வேகவைத்து வடித்த தண்டுகளை ஓவன் தட்டில் அடுக்கி, 30 கிராம் வெண்ணெய், 30 கிராம் மைதா, 400 மில்லிலிட்டர் பால் சேர்த்துக் காய்ச்சிய வெள்ளைச் சாஸையும் துருவிய சீஸையும் மேலே பரப்பி, அதே சூட்டில் இருபது நிமிடம் சுடுவதும் உண்டு. சாஸில் சிறிது ஜாதிக்காய் துருவிப் போட மறக்க வேண்டாம்.

கரி அடுப்பு உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பருத்த தண்டைப் பிளக்காமல், முழுதாகத் தணலின் மேலேயே வைத்து, எல்லாப் பக்கமும் கன்னங்கரேலென்று கருகும் வரை திருப்பித் திருப்பிச் சுடுங்கள். கருகிய வெளிமடல்கள் உறை போல நின்று உள்ளே இருப்பதை அதன் ஆவியிலேயே வேகவைக்கும். பத்து நிமிடம் தாளில் சுற்றி வைத்துவிட்டு, மேலுறையைப் பிளந்து, உள்ளே உள்ள வெண்மையான பகுதியை மட்டும் வழித்து எடுத்து உண்ணலாம். லீக்ஸின் இனிப்பு இத்தனை தெளிவாக வெளிப்படுவது வேறு எந்த முறையிலும் இல்லை என்பேன். ஆனால் இதற்கு மட்டும் உள்ளே கழுவ முடியாது என்பதால், மேல்முனையை விரித்துப் பார்த்து, மணல் இல்லாத சுத்தமான காயையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பருவத்துத் துணைகள்

இலையுதிர்காலத்தில் உடன் வரும் காளான், பூசணி, ஆப்பிள், செஸ்ட்நட் ஆகிய எல்லாமே லீக்ஸோடு சேரும். காளானோடு சமைக்கும்போது இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஒன்றாகப் போடாதீர்கள். காளானுக்கு அதன் நீர் உடனே வற்றும்படி மிகுந்த தீ வேண்டும். லீக்ஸுக்குக் குறைந்த தீ வேண்டும். தனித்தனியே வதக்கி, கடைசியில் கலந்து, மிளகும் தைமும் சேருங்கள். பூசணிச் சூப்பில் வெங்காயத்துக்குப் பதிலாக அதே எடையில் லீக்ஸைச் சேர்க்கலாம். இரண்டுமே இனிப்பானவை என்பதால் எலுமிச்சைச் சாறோ கடுகு விழுதோ இறுதியில் சிறிது தேவைப்படும். ஆப்பிளில் புளிப்பான வகையைச் சிறு துண்டுகளாக்கி, வதங்கிய லீக்ஸில் கடைசி மூன்று நிமிடத்தில் சேர்த்தால் போதும்.

கரும்பச்சை இலைகள்

ஒதுக்கி வைத்த இலைகளைப் பலர் எறிந்துவிடுகிறார்கள். அவை உண்ணத் தகாதவை அல்ல, தடித்தவை, அவ்வளவே. நன்றாகக் கழுவி, கேரட், செலரி, பிரிஞ்சி இலை ஆகியவற்றோடு ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு வடித்தால் சூப்புக்குத் தேவையான சாறு கிடைக்கும். அதற்கு மேல் கொதித்தால் முட்டைக்கோசை அளவுக்கு மீறி வேகவைத்தது போன்ற நெடி ஏறிவிடும். கரும்பச்சையின் கீழ்ப்பாதி ஓரளவு இளசாக இருக்கும். அதைக் குறுக்கே மிக மெல்லியதாக, கீரை அரிவது போல அரிந்து, எண்ணெயில் பூண்டோடு வதக்கி, சிறிது தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் நல்ல பொரியலாகும். பச்சை நிறம் துலக்கமாக இருக்க வேண்டுமென்றால், முதலில் உப்பிட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, உடனே பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள்.

சேமித்து வைத்தல்

கழுவாமல், வேரோடு, தளர்வான பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறிப் பகுதியில் வைத்தால் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை கெடாது. மணம் பரவக்கூடியது என்பதால் வெண்ணெய், பால் ஆகியவற்றைத் திறந்து வைக்கக் கூடாது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து, மூன்று நான்கு நாள்களில் உண்டுவிட வேண்டும். நறுக்கிக் கழுவி, நீர் முழுவதும் வடித்து, தட்டில் பரப்பி உறையவைத்த பிறகு பையில் கட்டி உறைபெட்டியில் வைத்தால் சில மாதங்கள் இருக்கும். உருகும்போது துவண்டுவிடுவதால் அதைச் சூப்புக்கும் வதக்கலுக்கும் மட்டுமே பயன்படுத்துங்கள், உருகவிடாமல் நேராகப் பாத்திரத்தில் போட்டு.

உடல்நலம் தொடர்பாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. லீக்ஸின் வெண்பகுதியில் எளிதில் செரிக்காத ஃபிரக்டான் என்னும் மாவுப்பொருள் மிகுந்திருப்பதால், வெங்காயமும் பூண்டும் வயிற்றை உப்பவைக்கும் என்று அறிந்தவர்கள் முதலில் சிறிதளவே உண்டு பார்க்க வேண்டும். பச்சை இலைப் பகுதியில் அது குறைவு. இலைகளில் வைட்டமின் கே நிறைந்திருப்பதால், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து உட்கொள்பவர்கள் திடீரென அளவைக் கூட்டாமல் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. நாய்க்கும் பூனைக்கும் லீக்ஸ், சமைத்ததானாலும், நஞ்சு. மிச்சத்தை அவற்றின் தட்டில் போடவே கூடாது.

குளிர்காலம் கடந்து வசந்தம் நெருங்கும்போது வாங்கிய தண்டைப் பிளந்தால், நடுவில் பென்சில் பருமனில் விறைத்த குச்சி ஒன்று இருக்கலாம். இரண்டாம் ஆண்டில் பூக்கத் தயாராகும் செடியின் பூந்தண்டு அது. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது மென்மையாகாது. அதை மட்டும் உருவி எடுத்துச் சாறு காய்ச்சும் பாத்திரத்தில் போட்டுவிட்டு, சுற்றியுள்ள மடல்களை வழக்கம்போல நறுக்கி, தண்ணீரில் அளைந்து கழுவி, குறைந்த தீயில் மூடி வதக்குங்கள்.